இப்னு பதூதாவின் பாலைவழிப் பயணம் – ஒரு திறனாய்வு

மீலாது மேடைகளிலும் நம் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் இப்னு பதூதாவின் பெயரைக் கேளாதார் இலர். இருபத்தொரு வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டார். இருபத்தொன்பது ஆண்டுகள் உலகைச் சுற்றினார். 75,000 மைல் கடந்தார் என்று சொற்பொழிவாளர் அடுக்குவர். கேட்போர் வியப்பர். வியப்பு அவ்வளவில் நின்றுவிடும். நூலைத் திறந்து, ஒரு பகுதியையேனும் நின்று நிதானித்து ஓதியவர் நம்மில் மிகச் சிலரே. மைல் கணக்கு ஒருவருடைய கால்களின் வலிமைக்குச் சான்று பகரும். அவர் கண்டதை எவ்வாறு கண்டார், கேட்டதை எவ்வாறு எடைபோட்டார் என்பதற்கு அவருடைய எழுத்தே சான்று. அந்தச் சான்றைச் சற்றே விசாரிப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மொராக்கோ நாட்டுத் தன்ஜா நகரில் ஹிஜ்ரி 703இல், அதாவது கி.பி. 1304இல் பிறந்தவர் இப்னு பதூதா. 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டவர், அரபகம், பாரசீகம், இந்தியா, மாலத்தீவு, இலங்கை, சீனம் எனச் சுற்றி ஊர் திரும்பினார். அதன் பின்னர் மேற்கொண்ட கடைசிப் பெரும் பயணமே, சஹாராப் பாலையைக் கடந்து மாலிப் பேரரசுக்குச் சென்று வந்தது. 1351இல் ஃபாஸ் நகரிலிருந்து கிளம்பியவர் 1354இல் மீண்டார். மரீனியச் சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, கிரனாடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸய் என்னும் புலவரிடம் தம் பயணங்களை எடுத்துரைத்தார். 1355 டிசம்பரில் அப்பணி நிறைவுற்றது. ‘துஹ்ஃபத்துன் நுள்ளார்’ எனத் தொடங்கும் நீண்ட பெயர் அந்நூலுக்கு உண்டு. ‘ரிஹ்லா’ என்ற சிறுபெயரே நிலைத்துவிட்டது. அந்நூலின் இறுதிப் பகுதியாகிய பாலைவழிப் பயணத்தை மட்டுமே ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

இப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ரிஹ்லா முழுவதையும் ஒரே தரத்தில் நம்புதற்கில்லை என்று அறிஞர் கூறுவர். ஹிஜாஸைப் பற்றிய வருணனைகளில் பல, அவருக்கு முன் வாழ்ந்த இப்னு ஜுபைருடைய நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. சீனப் பயணத்தைப் பற்றியும் ஐயங்கள் உள. ஆனால் மாலிப் பயணமோ, ஊர் திரும்பி இரண்டாண்டு கழியுமுன் சொல்லப்பட்டது. அங்கே பின்பற்றுதற்கு அவருக்கு முன்மாதிரி நூலும் இல்லை. அக்காலத்து மாலிப் பேரரசைத் தம் கண்ணால் கண்டு எழுதியவராக நமக்குக் கிடைத்திருப்பவர் அவர் ஒருவரே. இப்னு ஜுஸய்யின் எதுகை அலங்காரமும் இப்பகுதியில் மிகக் குறைவு. மணலும் தண்ணீரும் உப்பும் ஒட்டகமுமாகச் செய்தி நேரே வருகிறது.

உப்பால் கட்டிய ஊர்

சிஜில்மாசா நகரில் ஒட்டகங்களை வாங்கி, நான்கு மாதத்துக்கான தீனியையும் சேர்த்துக்கொண்டு, ஹிஜ்ரி 753 முஹர்ரம் முதல் நாள், கி.பி. 1352 பிப்ரவரியில், வணிகக் கூட்டத்தோடு புறப்பட்டார். இருபத்தைந்தாம் நாள் தகாஸா வந்தது. வீடும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் எழுப்பப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்ட ஊர். மரம் ஒன்றுகூட இல்லை. மஸூஃபா குலத்தாரின் அடிமைகளே அங்கு வாழ்பவர். அவர்கள் மண்ணைத் தோண்டி, பலகை பலகையாகப் படிந்து கிடக்கும் உப்பை வெட்டி எடுப்பர். ஓர் ஒட்டகம் இரண்டு பாளங்களைச் சுமக்கும். அந்தச் சுமை வலாத்தா நகரில் எட்டு முதல் பத்து மித்கால் பொன்னுக்கு விற்கும். மாலித் தலைநகரில் இருபது, முப்பது, சில வேளை நாற்பது மித்காலுக்கும் ஏறும். உப்பைத் துண்டு துண்டாக்கிக் காசுபோல் வழங்கினர் என்கிறார். ஈக்களும் உவர்நீரும் நிறைந்த அவ்வூரில் பத்து நாள் பட்ட துன்பத்தை அவர் மறைக்கவில்லை.

அதன்பின் தண்ணீர் அரிதாகிய பத்து நாள் வழி. நற்பேறாக மழைநீர் குட்டைகள் இருந்தன. ஹதீஸ் நூல்களில் கண்ணுக்கு மருந்தாகச் சொல்லப்படும் ‘கமஆ’ என்னும் நிலக்காளான் அவ்வழியில் மிகுதி. பேனும் அவ்வாறே மிகுதி. பாதரசம் தடவிய நூலைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பயணிகள் அதனைத் தடுத்தனர். ஒரு நாள் இப்னு ஸீரீ என்பவர் தம் தாய்மாமன் மகனோடு சச்சரவிட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்தங்கினார். பிறகு அவரைக் காணவில்லை. அன்று முதல் தாம் கூட்டத்துக்கு முன்னும் செல்லவில்லை, பின்னும் தங்கவில்லை என்கிறார் இப்னு பதூதா. கோபித்துக்கொண்டு நான்கு அடி பின்தங்குவதற்குப் பாலை விதிக்கும் விலை உயிர். இதனை அறவுரையாக விரித்துரைக்காமல் இரண்டே சொற்றொடரில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். சிறந்த உரைநடை இதுவேயாகும்.

தாஸரஹ்லா என்னும் நீர்த்துறையில் மூன்று நாள் தங்கித் தோல்துருத்திகளைச் செப்பனிடுவர்; காற்று நீரை உறிஞ்சாதிருக்க அவற்றின்மேல் முரட்டுத் துணி போர்த்தித் தைப்பர். அங்கிருந்துதான் ‘தக்ஷீஃப்’ எனப்படும் வழிகாட்டி தனியே முன்னால் அனுப்பப்படுவார். வலாத்தாவில் உள்ளோர்க்குக் கடிதங்களை அவர் கொண்டு சேர்ப்பார். அவர்கள் நான்கு நாள் தொலைவு தண்ணீரோடு எதிர்வருவர். வழிகாட்டி இடையில் மாண்டால், வணிகக் கூட்டம் வருவதே அங்குள்ளோர்க்குத் தெரியாது. கூட்டமும் தாகத்தால் மடியும். பாதை என்று ஒன்றில்லை. இன்றிருந்த மணற்குன்று நாளை வேறிடத்தில் இருக்கும். நூறு மித்கால் பொன்னுக்கு அமர்த்திய அவர்களுடைய வழிகாட்டிக்கோ ஒரு கண் குருடு, மறு கண் நோயுற்றது. ஆயினும் அவ்வழியை அவரைப்போல் அறிந்தவர் இல்லை. ஏழாம் நாள் இரவில், எதிர்கொள்ள வந்தோர் மூட்டிய நெருப்பு தொலைவில் தெரிந்தது. அந்த வெளிச்சத்தைக் கண்டு கூட்டத்தார் அடைந்த மகிழ்ச்சி, ஆறரை நூற்றாண்டு கடந்தும் ஓதுவோர் நெஞ்சில் தட்டுகிறது.

எலியும் ஆடும்

ஈண்டு ஒரு பழைய விவாதத்தை நினைவுகூர்தல் வேண்டும். இப்னு பதூதா ஊர் திரும்பி டெல்லி அரசவையின் செல்வத்தைப் பற்றிச் சொன்னபோது, ஃபாஸ் நகரத்தார் பலர் அவரைப் பொய்யர் எனக் கருதினர். இச்செய்தியை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் பதிவு செய்துள்ளார். அவரும் ஐயுற்றார். அப்போது அமைச்சர் ஃபாரிஸ் இப்னு வத்ரார் அவருக்கு ஒரு கதை சொன்னார். சிறையிலேயே வளர்ந்த ஒரு சிறுவன், தான் உண்ணும் இறைச்சி எதனுடையது என்று தந்தையைக் கேட்டான். தந்தை ஆட்டை வருணித்தார். சிறையில் எலியைத் தவிர வேறு விலங்கைக் கண்டறியாத அவன், ஆடும் எலியைப் போன்றதுதானா என்று கேட்டானாம். காணாத ஒன்றைக் கண்ட ஒன்றால் மட்டுமே அளப்பது அறியாமை என்பது அமைச்சரின் கருத்து.

இக்கதையை நாம் இப்னு பதூதாவுக்கு ஆதரவாகவே எடுத்துச் சொல்லி வந்திருக்கிறோம். அதே அளவுகோலை அவரிடத்தும் வைத்துப் பார்த்தல் நீதியன்றோ? அவரும் தமக்கென ஓர் எலியைச் சுமந்துகொண்டுதான் பாலையைக் கடந்தார்.

நைஜர் ஆற்றின் கிளையொன்றின் கரையில், கொசுவுக்கு அஞ்சி இரவில் பயணம் செய்தபோது, பேருடல் படைத்த பதினாறு விலங்குகளைக் கண்டார். யானைகள் என்றே முதலில் எண்ணினார். அவை ஆற்றுக்குள் இறங்கியதும் திகைத்தார். உடன் வந்தவர், இவை ‘கைலுல் பஹ்ர்’, அதாவது நீர்க்குதிரைகள், மேய்வதற்குக் கரையேறியவை என்று விளக்கினார். அதன்பின் இப்னு பதூதா தரும் வருணனையைப் பாருங்கள்: குதிரையினும் பருத்தவை, குதிரைத் தலை, யானைக் கால், பிடரி மயிரும் உண்டு! நீர்யானைக்குப் பிடரி மயிர் கிடையாது. பெயரில் இருந்த குதிரை கண்ணில் பிடரியை ஒட்டவைத்துவிட்டது. நம் தமிழ் இதனை யானை என்கிறது. அரபு குதிரை என்கிறது. அவருடைய கண் முதலில் தமிழ்ப் பெயரின் பக்கமே நின்றது. பெயரைக் கேட்டபின் பெயருக்கேற்பக் காணத் தொடங்கினார். இது சிறு பிழை, எவருக்கும் தீங்கில்லை. மனிதரைக் காணுமிடத்து இதே பிழை நேரும்போதுதான் தீங்கு விளைகிறது.

வலாத்தாவில் மாலி அரசரின் பிரதிநிதியாகிய ஃபர்பா ஹுஸைன், வணிகர்கள் அருகில் நிற்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் அவர்களிடம் பேசினார். இதனை வெள்ளை நிறத்தார்மீது கொண்ட இழிவு என்று பொருள்கொண்டு, இந்நாட்டுக்கு வந்தோமே என்று வருந்தினார் நம் பயணி. ஆனால் சில பக்கங்கள் கடந்ததும் தலைநகரின் அரசவையை அவரே வருணிக்கிறார். அங்கே அரசரிடம் பேச விழையும் எவரும் துகா என்னும் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லவேண்டும். துகா மற்றொருவரிடம் சொல்வார். அவர் அரசரிடம் சொல்வார். சொந்தக் குடிமக்களுக்கும் அதுவே முறை. அப்படியாயின் வலாத்தாவில் நிகழ்ந்தது இழிவன்று. அந்நாட்டின் அவை மரியாதை. தாம் அவமதிக்கப்பட்டோம் என்ற கூற்றை மறுக்கும் சான்றைத் தம் நூலிலேயே தந்துவிட்டு, இரண்டையும் அவர் இணைத்துப் பார்க்கவில்லை.

மன்ஸா ஸுலைமான் அனுப்பிய விருந்து வரிசையிலும் அதே கதைதான். ஆடையும் பொன்னும் எதிர்பார்த்திருந்தவருக்கு மூன்று ரொட்டிகளும், எண்ணெயில் பொரித்த மாட்டிறைச்சித் துண்டும், ஒரு சுரைக்குடுவைத் தயிரும் வந்தன. அவர் சிரித்துவிட்டார். டெல்லியில் ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியம் பெற்றுக் காழியாக இருந்தவரல்லவா! பின்னர் ரமளானில் அரசரை நோக்கி, பல மன்னர்களைக் கண்ட நான் உம்மைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்வேன் என்ற கருத்துப்படக் கேட்டுத் தங்க வீடும் படியும் பெற்றார். விருந்தினரின் நாவில் வரத்தக்க சொல்லா இது, அல்லது கடன் வசூலிப்பவரின் சொல்லா? வாசக அன்பர்களே தீர்ப்பளிக்கட்டும்.

நான் விட்டுவிட்ட இரண்டு வரி

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பல்லாண்டுகளாக மாணவர்க்கு அரபு உரைநடைப் பயிற்சிக்காக இப்பகுதியை ஓதிக்கொடுத்து வருகிறேன். கர்ஸகூ என்னும் ஆற்றங்கரை ஊரைப் பற்றிய இடம் வரும்போது இரண்டு வரியைத் தாண்டிப் போய்விடுவது என் வழக்கம். அங்கே இப்னு பதூதா ‘தேவையை நிறைவேற்ற’ ஆற்றங்கரைக்குச் சென்றதாக எழுதுகிறார். பிள்ளைகள் நகைப்பார்கள், பாடத்தின் கண்ணியம் கெடும் என்பது என் எண்ணம். ஒரு நாள் ஒரு மாணவன் எழுந்து, “ஹஜ்ரத், இடையில் இரண்டு வரியை விட்டுவிட்டீர்களே, அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டான். “முக்கியமானது ஒன்றுமில்லை” என்று சொல்லி அவனை உட்காரவைத்தேன். அன்றிரவு அவ்வரிகளை மீண்டும் ஓதியபோது வெட்கிப் போனேன். அந்த அத்தியாயத்தின் உயிர் அங்கேதான் இருந்தது.

நிகழ்ந்தது இதுதான். அவர் கரையில் அமர்ந்திருந்தபோது அவ்வூர்க் கருப்பினத்தார் ஒருவர் வந்து, அவருக்கும் ஆற்றுக்கும் நடுவே நின்றுகொண்டார். அகலவில்லை. இத்தகைய வேளையில் வந்து நிற்பவருக்கு நாணமும் நாகரிகமும் இல்லையே என்று பயணி மனம் நொந்து, பிறரிடம் அதனைச் சொன்னார். அதற்கு அவர்கள் அளித்த விளக்கம்: அவர் அங்கு நின்றது உம்மை முதலையிடமிருந்து காப்பதற்காகவே, முதலை வந்தால் முதலில் தம்மைப் பற்றட்டும் என்றே நடுவில் நின்றார்.

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளரின் தரத்தை ஆயும் ‘ஜர்ஹ், தஃதீல்’ என்னும் துறை உண்டு. குறையையும் நிறைவையும் எடைபோடும் கலை அது. ஒருவர் தமக்குப் பெருமை தரும் செய்தியைச் சொல்லும்போது நாம் சற்றே நின்று ஆராய்கிறோம். தமக்கு எதிரான செய்தியைத் தாமே சொல்லும்போது அதனை ஏற்கத் தயங்குவதில்லை. தமக்கே எதிராயினும் உண்மைக்குச் சாட்சி நிற்கவேண்டும் என்பது சூரத்துன் நிஸாவின் கட்டளையன்றோ! ஆற்றங்கரைச் செய்தியைச் சொல்லும்படி இப்னு பதூதாவை எவரும் வற்புறுத்தவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. தாம் ஏளனமாக நினைத்த மனிதர் தமக்காக உயிரைப் பணயம் வைத்தார் என்பதைத் தம் வாயாலேயே சொல்லிப் பதிவு செய்யவைத்தார். அவர் மீது எனக்குள்ள மதிப்பின் அடிப்படை இவ்விரண்டு வரியேயாகும். 75,000 மைல் அன்று.

மாலி மக்களின் நற்பண்புகளையும் தீய வழக்கங்களையும் தொகுத்துரைக்கும் இடத்திலும் இந்நேர்மை ஓரளவு தெரிகிறது. நற்பண்புகளையே முதலில் வைக்கிறார். அநீதி அங்கு அரிது. வழிப்போக்கனுக்குக் கள்ளர் அச்சமில்லை. அயலான் ஒருவன் இறந்தால் அவன் பொருள் குவியலாகக் கிடந்தாலும் தொடமாட்டார்கள், உரியவன் வரும்வரை நம்பகமானவரிடம் ஒப்படைப்பார்கள். ஜும்ஆவுக்கு முந்திச் செல்லாதவருக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. ஒரே ஒரு பழஞ்சட்டை உடையவரும் அதனை வெளுத்து அணிந்தே வருவர். பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்யுமளவும் கால்விலங்கு இடுவர். பெருநாளன்று காழியின் மக்களே விலங்கோடு இருந்ததைக் கண்டு, விடுவிக்கலாகாதா என்று அவர் கேட்டதும், மனனம் முடியாமல் விடேன் என்று தந்தை மறுத்ததும் நூலில் உண்டு. இக்கடைசி வழக்கத்தை அவர் நற்பண்பில் சேர்க்கிறார். முப்பதாண்டு ஓதிக்கொடுத்த நான் அதில் உடன்படேன். விலங்கிட்டுப் புகட்டிய ஓதல் நாவில் தங்கும், உள்ளத்தில் தங்குமா?

ஒரு பெருங்குறை

வழியில் கண்டவற்றை நுணுகிச் சொல்லும் ஆற்றலில் அவருக்கு நிகரில்லை. ஒரு கூட்டமே நிழல் பெறத்தக்க பெருமரங்களையும், அவற்றின் பொந்தில் தேங்கிய மழைநீரை மக்கள் பருகுவதையும், ஒரு பொந்துக்குள் தறி நாட்டி ஒருவர் நெய்துகொண்டிருந்ததையும் எழுதுகிறார். மன்னாரில் பெருக்க மரம் என வழங்கும் இனமே இது என்பது ஆய்வாளர் கருத்து. மஸூஃபா குலத்தில் சொத்து மக்களுக்குப் போகாமல் சகோதரியின் மைந்தர்க்குப் போவதைக் கண்டு, இவ்வழக்கத்தை இந்தியாவின் மலபாரில் அன்றி வேறெங்கும் கண்டதில்லை என்கிறார். இத்தனை கூர்மையான கண், திரும்பும் வழியில் ஓரிடத்தில் மூடிக்கொள்கிறது.

1353 செப்டம்பரில் செம்புச் சுரங்க ஊராகிய தகத்தாவிலிருந்து வடக்கே புறப்பட்ட கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தனர் என்று எழுதுகிறார். அவ்வளவே. அவர்கள் எங்கிருந்து பறிக்கப்பட்டனர், எத்தனை பேர் சிஜில்மாசாவைக் கண்டனர் என ஒரு சொல் இல்லை. ஒட்டகத்தின் தாகத்தையும் உப்பின் விலையையும் எழுதிய கை, அந்த அறுநூறு பேரின் தாகத்தை எழுதவில்லை. தகாஸாவில் உப்பு வெட்டிய அடிமைகளுக்கும் இதே கதி.

அக்காலத்து வழக்கம் அது, அவரிடம் குறை காணலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இதே இப்னு பதூதா, 1344ஐ ஒட்டி நம் மஅபர் நாட்டுக்கு வந்தபோது, மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு துடித்தார். வேறெந்த மன்னனிடமும் கண்டிராத கொடுமை எனக் கடிந்தார். அச்சுல்தான் அவருக்கு மணவழி உறவினர்; ஆயினும் மறைக்கவில்லை. கொடுமையைக் கொடுமை என்று அறியும் உள்ளம் அவரிடம் இருந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. பாலையில் அவ்வுள்ளம் பேசவில்லை என்பதே என் குறை. பிலால் (ரலி) அவர்களைக் கஅபாவின்மேல் ஏற்றிப் பாங்கு சொல்லவைத்த மார்க்கத்தில் பயின்ற ஓர் ஆலிமிடம் இதனை எதிர்பார்ப்பது மிகையாகாது.

ஆகவே, இப்னு பதூதாவை நம் வீடுகளில் எவ்வாறு ஓதுவது? வியந்து மட்டும் ஓதினால் அந்த அறுநூறு பேரைக் கடந்து போவோம். வெறுத்து ஒதுக்கினால் ஆற்றங்கரையில் நின்றவரை இழப்போம். அவர் கண்ணால் நாம் ஆப்பிரிக்காவைக் காண்கிறோம். அந்தக் கண்ணையும் சேர்த்தே ஆராயவேண்டும். அயல்நாட்டுக்குப் பிழைக்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இப்பாடம் ஏட்டளவில் நிற்பதன்று. புரியாத ஒரு செயலைக் கண்டால், அதனை நாகரிகக் குறைவு எனத் தீர்ப்பெழுதுமுன், விவரம் அறிந்த ஒருவரிடம் கேட்டுத் தெளிவதே முறை. இப்னு பதூதா கர்ஸகூவில் அதைச் செய்தார்; உண்மை கிடைத்தது. வலாத்தாவில் செய்யவில்லை, மனக்கசப்பே மிஞ்சியது.

இப்போது அந்த இரண்டு வரியை நான் விடுவதில்லை. பிள்ளைகள் நகைக்கத்தான் செய்கிறார்கள். நகைத்து முடிந்ததும், முதலைக்கு முன் நின்றவர் யார் என்று கேட்கிறார்கள். அவருடைய பெயர் நூலில் இல்லை. அமைச்சர், காழி, வணிகர், மொழிபெயர்ப்பாளர் எனப் பலருடைய பெயர்களை நினைவில் வைத்திருந்த பயணி, அவர் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. அல்லாஹ் அறிவான்.